கூலி பேசிய மேளம்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் முள்ளிப்பட்டுக்காரன். ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு என்றால் உங்களில் பலருக்குப் பட்டுப்புடவைதான் நினைவுக்கு வரும். நான் சிறுவனாக இருந்தபோது எங்களுக்கு இரண்டு சத்தங்கள் தெரியும். ஊர்த்தெருவில் தறி, எங்கள் தெருவில் மேளம். பறை என்று இப்போது மேடையில் சொல்கிறோம். எங்கள் பக்கம் அதற்குச் சாவு மேளம் என்றுதான் பெயர்.

தறிக்காரர் வீட்டில் பாவு ஏற்றுவதற்கு முன்பே கூலி பேசியாகிவிடும். பட்டும் சரிகையும் முதலாளியுடையவை, கை மட்டும் நெசவாளியுடையது. அந்தக் கைக்கு ஒரு விலை உண்டு. குறைந்த விலைதான், முன்பணக் கடனில் தலைமுறையாக மாட்டிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. ஆனாலும் விலை என்று ஒன்று இருந்ததால், அது பத்தவில்லை என்று சண்டை போட முடிந்தது.

என் தாத்தாவிடம் யாரும் கூலி பேசியதில்லை. ஊரில் சாவு விழுந்தால் ஆள் வருவான். "பெரிய வீட்ல ஆயிப்போச்சு, மேளத்த எடுத்துக்கிட்டு வாங்கடா" என்பான். சொல்கிறவனுக்குப் பதினைந்து வயது இருக்கும், தாத்தாவுக்கு அறுபது. வைக்கோல் கொளுத்தி, தோலைக் காய்ச்சி, இரவெல்லாம் அடிப்பார்கள். என்ன கிடைக்கும் என்பது பிணம் எரிந்த பிறகுதான் தெரியும். கொஞ்சம் நெல், ஒரு பழைய வேட்டி, சாராயத்துக்குச் சில்லறை. அதையும் கையில் தர மாட்டார்கள், கீழே வைப்பார்கள்.

வாசித்துப் பிழைக்கிறவர் கூலி பேச முடிந்தது எப்போது, யாரால் முடிந்தது என்ற கேள்வியைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன். தமிழிசை வரலாற்றைப் பண்ணை வைத்து எழுதியிருக்கிறார்கள், பாட்டை வைத்து எழுதியிருக்கிறார்கள். கூலியை வைத்து எழுதியவர்கள் குறைவு.

பழைய இடத்திலிருந்து தொடங்குகிறேன். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வத்தோடும் உணவோடும் சேர்த்துப் பறையையும் சொல்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் நான்கு குடிகளைப் பெயர் சொல்லிப் பெருமைப்படுத்துகிறார். அவற்றில் துடியனும் பாணனும் பறையனும் இருக்கிறார்கள். இதை நம் மேடைகளில் ஆயிரம் முறை சொல்லிவிட்டோம். பெருமை உண்மைதான். அதை வைத்து அரிசி வாங்க முடியாது என்பதும் உண்மைதான். ஆகவே இதை இதோடு விடுகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்கு வருவோம். இதைப் படிக்காத இசை மாணவர் யாராவது இங்கே இருந்தால் கட்டாயம் படிக்க வேண்டும். ராஜராஜன் 1014ஆம் ஆண்டுவாக்கில் நாட்டின் பல கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் கொண்டுவந்து தஞ்சையில் குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் ஒரு வேலி நிலம். நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. பாடுகிறவர், உடுக்கை வாசிக்கிறவர், கொட்டி மத்தளம் கொட்டுகிறவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இதில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறான். வீடு, வருமானம், வாரிசு, தகுதி நான்கும் கல்லில் இருக்கின்றன. இசைக்கலைஞரின் வாழ்க்கை ஒரு ஏற்பாட்டால்தான் நிற்கும் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆட்சி நடத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே கோயிலின் வேறு கல்வெட்டுகளில், ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும் இடம் வருகிறது. ஊர் நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றின் வரிசையில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் இருக்கின்றன. பறை என்ற சொல் அன்று தோற்கருவிகளுக்குப் பொதுப்பெயராகவும் வழங்கியது. மதிலுக்கு உள்ளே தோலைத் தட்டியவருக்குப் பங்கு கிடைத்தது. வெளியே இருந்தவரின் குடியிருப்பு, வரி கழிக்கும் கணக்கில் ஒரு வரியாக நின்றது. நம்முடைய கதை அந்த இரண்டாவது கல்வெட்டிலிருந்து தொடங்குகிறது.

"வெளியே இருந்தவருக்கும் களத்தில் பங்கு இருந்ததே, வெட்டியானுக்கு மானியம் இருந்ததே?" என்று வரலாறு படித்த நண்பர்கள் கேட்பார்கள். இருந்தது. களத்து மேட்டில் நெல் அளக்கும்போது தச்சருக்கும் வண்ணாருக்கும் அளந்தது போல வெட்டியானுக்கும் அளந்தார்கள். சில ஊர்களில் துண்டு நிலமும் உண்டு. ஆனால் அந்த நெல்லுக்குள் எல்லா வேலையும் அடக்கம்: தண்டோரா போடுவது, எல்லை காட்டுவது, செத்த மாட்டை அகற்றுவது, குழி வெட்டுவது, சாவுக்கு அடிப்பது. எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க முடியாது. பிரிக்க முடியாத கூலியை உயர்த்தவும் முடியாது.

இந்த முடிச்சைத் தெளிவாகப் பார்த்தவர் அம்பேத்கர். மராட்டியத்தில் மகர்களுக்கு வதன் நிலம் இருந்தது. கொஞ்சம் நிலம், கொஞ்சம் தானியம்; பதிலுக்குக் குடும்பம் முழுதும் இரவு பகல் பாராமல் ஊருக்கும் சர்க்காருக்கும் ஓட வேண்டும். 1928இல் பம்பாய் சட்டசபையில் இதை மாற்ற அவர் மசோதா கொண்டுவந்தார். தானாகக் கிடைக்கும் அந்தச் சிறிது நெல்தான் மனிதனை அசையவிடாமல் கட்டிப்போடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். மசோதா அன்று நிறைவேறவில்லை. அவர் மறைந்த பிறகு, 1958ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த வதன்களை ஒழித்தது. தமிழ்நாட்டில் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் போனது 1980இல். பதவி போன வேகத்தில் பழக்கம் போகவில்லை. எங்கள் ஊரில் மணியக்காரர் இல்லாமல் போன பிறகும் ‘மேளத்த எடுத்துக்கிட்டு வாடா’ இருந்தது.

ஆகவே, நம் இசைக்கலைஞரின் தொழில் வரலாற்றில் முதல் பெரிய நிகழ்ச்சி ஒரு கச்சேரியோ ஒரு பட்டமோ கிடையாது. ‘அடிக்க மாட்டேன்’ என்று சொன்னதுதான். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் ஏற்றினார். பெயரைப் பற்றிய இந்த விவாதத்தோடு சேர்ந்தே ஊர் ஊராகக் கருவியைப் பற்றிய விவாதமும் நடந்தது. காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் எல். இளையபெருமாள், சாவுக்குப் பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் நிறுத்தச் சொல்லி ஊர் ஊராகப் போனவர். 1952இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். தீண்டாமையைப் பற்றி இந்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து 1969இல் அறிக்கை கொடுத்தவரும் அவர்தான். டெல்லிக்கு அவர் எழுதிய பக்கங்களுக்குப் பின்னால் அந்தச் சேரிகளில் நின்றுபோன மேளங்கள் இருக்கின்றன.

சட்டம் இந்த விஷயத்தில் விந்தையாக நடந்துகொண்டது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆனபோது, தீண்டாமையின் பேரால் துப்புரவு வேலைக்கும் செத்த மாடு அகற்றவும் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று புதிய பிரிவு சேர்ந்தது. 2015இல் வன்கொடுமைச் சட்டத்தைத் திருத்தியபோது குழி வெட்டச் சொல்வதும் பிணம் தூக்கச் சொல்வதும் பெயரோடு வந்தன. மேளம் அடிக்கச் சொல்வது இரண்டிலும் பெயரோடு வரவில்லை. ‘அதுபோன்ற மற்ற வேலை’ என்றோ கட்டாய உழைப்பு என்றோ பொதுச் சொல்லுக்குள் அதைக் கொண்டுவந்துதான் புகார் எழுத வேண்டும். புகார் எழுதிய தோழர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். "அது கலைதானே தம்பி, கட்டாயம்னு எப்படிச் சொல்ற?" என்று காவல் நிலையத்தில் கேட்பார்கள். சாவு வீட்டுத் திண்ணையில் தீட்டாக இருக்கும் மேளம், காவல் நிலையத்தில் திடீரென்று கலையாகிவிடும்.

எங்கள் தெருவில் மேளத்தை நிறுத்தியபோது நான் நான்காம் வகுப்பு. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவும் அவர் வயதுக்காரர்களும் கூடிப் பேசி, அடுத்த சாவுக்கு யாரும் போகவில்லை. பிறகு நடந்தது நீங்கள் எல்லோரும் அறிந்த கதை. நடவுக்குக் கூப்பிடவில்லை, கடையில் கடன் இல்லை, மாடு மேய்க்க வழி இல்லை. நைனா ஆரணியில் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். சித்தப்பா ஒரு பட்டறையில் பாவு வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குத்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கூலி பேசப்பட்டது.

தாத்தா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு அடியும் எங்களுக்குத் தெரியும். இது பிணம் எடுக்கும் அடி, இது மாரியம்மனுக்கு அடிக்கும் அடி என்று படுத்துக்கொண்டே சொல்வோம். நிறுத்தியது சரி. அந்தக் கிழவன் இழந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

‘தலித் இயக்கம் ஒரு கலையை அழித்தது’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் எனக்குக் கோபம்கூட இல்லை, ஒரு கேள்விதான். வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவரிடம் கூலி பேச முடியுமா? பேச்சுவார்த்தை என்பதே எழுந்து போய்விடலாம் என்ற நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. நிறுத்தியவர்கள்தான், பின்னால் அடித்தவர்களுக்கு விலையைக் கொடுத்தார்கள்.

நின்ற கைகள் எங்கே போயின? வடஆர்க்காட்டில் பல கைகள் பேண்ட் செட்டுக்குப் போயின. கிளாரினெட், டிரம்பெட், சைடு டிரம். சீருடை போட்டுக்கொண்டு வாசித்தால் அதற்கு ஒரு விலை வந்தது. இன்னும் சில பம்பை உடுக்கைக்கும், கோடையில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களுக்கும் போயின. சென்னையில் கானாவாயிற்று. சில சினிமாவுக்குப் போயின.

சினிமா என்றதும் பாவலர் சகோதரர்களைச் சொல்ல வேண்டும். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிப் பாடியே ஊர் சுற்றியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் வெற்றிக்கு அவருடைய பாட்டும் ஒரு காரணம் என்று இன்றும் சொல்வார்கள். கட்சி வென்றது, பாடியவருக்கு நிலையான வருமானம் என்று ஒன்று வந்ததில்லை. அந்தக் குழுவில் பதினான்கு வயதில் சேர்ந்த தம்பி 1968இல் சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதப் படிக்கக் கற்றார். கித்தார் வாசிக்கிறவராகவும் ஜி.கே. வெங்கடேஷின் உதவியாளராகவும் வேலை செய்து, 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்தார். இளையராஜா தன்னை நம் மேடைகளில் வைத்துப் பேசுவதை விரும்ப மாட்டார். அது அவர் உரிமை. நான் அவரைச் சொந்தம் கொண்டாட வரவில்லை. அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்கு எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் பாருங்கள். திறமை அண்ணனுக்கும் இருந்தது. தம்பி நுழைந்த இடத்தில் வாசிக்கிறவருக்குக் கால்ஷீட் இருந்தது, கால்ஷீட்டுக்கு ஒரு தொகை இருந்தது. அந்த ஏற்பாடு வானத்திலிருந்து விழவில்லை. எம்.பி. சீனிவாசன் போன்றவர்கள் சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டி, ஸ்டுடியோ முதலாளிகளிடம் போராடி வாங்கியது.

கே.ஏ. குணசேகரன் இன்னொரு வழி. மாரந்தையில் பிறந்து, ‘தன்னானே’ குழுவோடு பாடி, மக்கள் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்தவர். ‘வடு’ படித்தவர்களுக்கு அவர் எங்கிருந்து வந்தார் என்பது தெரியும். அவர் 2016இல் மறையும்வரை யாருக்காகப் பாட வேண்டும், யாருக்காகப் பாடக் கூடாது என்பதை அவரே முடிவு செய்தார். அதற்குக் குரல் மட்டும் காரணமில்லை. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சம்பளமும் காரணம். இதைச் சொன்னால் அவர் பெருமை குறையாது. படித்துக்கொண்டே பாட நினைக்கும் மாணவர்கள் இதை வெட்கமில்லாமல் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாவுக்கு வாசிப்பதே இழிவா என்று ஒரு மாணவி போன மாதம் கேட்டார். அதற்கு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் காட்டினேன். அங்கே கறுப்பின மக்கள் தங்களுக்குள் உதவிச் சங்கங்கள் வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். யாராவது இறந்தால் சங்கம் பணம் கொடுத்துப் பித்தளை பேண்டை அமர்த்தும். போகும்போது மெதுவாக, துக்கமாக வாசிப்பார்கள்; அடக்கம் முடிந்து திரும்பும்போது தெருவே ஆடும்படி வாசிப்பார்கள். நம் மேளத்தைக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் இளம் வயதில் அந்த ஊர்வலங்களில் வாசித்தவர். ஜாஸ் வளர்ந்த வழிகளில் அந்தச் சாவு ஊர்வலமும் ஒன்று. அங்கும் நிறவெறி இருந்தது, வறுமை இருந்தது. ஆனால் அந்த ஊர்வலத்துக்குக் கூப்பிட்டவர்கள் சொந்த மக்கள், கூப்பிட்ட முறை சங்கம், கொடுத்தது கூலி. பிணத்தின் முன் வாசித்தது அவர்களை இழிவாக்கவில்லை.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் கடைசியிலிருந்து, அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, நம் ஆட்களே பறையைத் திரும்ப எடுத்தார்கள். மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை அண்ணன் என்று அழைத்தவர், அதை வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுபோனார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை இடுப்பில் கட்டினார்கள். 2007இல் சென்னை சங்கமம் வந்தது. அதே ஆண்டு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியமும் வந்தது. 2018இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் மாவட்டத்துப் புரிசைக் கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனுக்கும் அதே ஆண்டில்தான். கல்லூரி விழாக்களில், கல்யாணங்களில், கட்சி ஊர்வலங்களில் இப்போது பறை இல்லாமல் இல்லை.

சந்தோஷம்தான். ஆனாலும் தறிக்கு அரசு என்ன செய்தது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோ-ஆப்டெக்ஸ் 1935இல் வந்துவிட்டது. நூலுக்கு, தள்ளுபடிக்கு, விற்பனைக்கு அமைப்பு உண்டு. நெசவாளியின் துயரம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. அவர் தொழிலாளி என்பதை அரசு 1935இலேயே ஒத்துக்கொண்டது. மேளக்காரருக்கு ஒரு வாரியம் வர இன்னும் 72 வருஷம் ஆயிற்று. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தொடக்கத்திலிருந்து கற்பிக்கும் துறைகள் ஏழு: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். அந்த மிருதங்கத்துக்குத் தோல் வார்த்துக் கட்டியவர்கள் யார் என்று டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் எழுதியபோது, வெளியீட்டுக்கு ஒதுக்கிய அரங்கத்தையே கலாஷேத்ரா திரும்ப எடுத்துக்கொண்டது. ராஜராஜனின் மதில் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நமக்குள்ளும் ஒரு மதில் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்த மேடைக்கு நான் வந்ததில் அர்த்தமில்லை. இன்று பறை இரண்டாகிவிட்டது. பயிற்சிப் பட்டறையில் கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுக்கிறவர், மேடையில் கறுப்புச் சட்டையோடு ஆடுகிறவர் ஒரு பக்கம். இன்னும் சாவு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிற கிழவர் மறு பக்கம். முதலாமவர் அடிக்கும் அடிகளில் பாதி இரண்டாமவரிடம் ஒரு மாலை நேரத்தில், ஒரு டீக்கும் ஐம்பது ரூபாய்க்கும் வாங்கியவை. செல்பேசியில் பதிவு செய்து, பெயர் போடாமல் யூடியூபில் ஏற்றுகிறோம். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிறவருக்கும் உரிமை உண்டு என்கிறது. அதை நம் கிழவர்களுக்கு நாம் சொன்னோமா? ‘இயக்கத்துக்காக வாசிங்கண்ணே’ என்று போக்குவரத்துச் செலவுகூடக் கொடுக்காமல் கூப்பிட்ட கூட்டங்களில் நானும் அமைப்பாளனாக இருந்திருக்கிறேன். ஊர்க்காரன் ‘வாடா’ என்று கூப்பிட்டான், நாம் ‘வாங்கண்ணே’ என்று கூப்பிட்டோம். தொகை மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

எங்கள் தெருவில் மேளம் திரும்ப வந்திருக்கிறது. என் அண்ணன் மகன் எட்டுப் பேரை வைத்து செட் நடத்துகிறான். பகலில் நாலு பேர் பட்டறைக்குப் போகிறார்கள், ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான். ஆடி மாதமும் பங்குனியும்தான் சீசன். மற்ற மாதங்களில் மேளத்தை மட்டும் நம்ப முடியாது என்று அவனே சொல்கிறான். செட்டுக்கு வருவதில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைக்கிறார்கள். தோல் கிழிந்தால், வேன் பழுதானால், யாருக்காவது கை சுளுக்கினால் அதிலிருந்து செலவு. வைத்திருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, ஊர், எத்தனை பேர், எத்தனை மணிவரை, அச்சாரம், பாக்கி என்று கோடு போட்டிருக்கிறான்.

போன தை மாதம் ஊர்த்தெருவில் ஒரு சாவு. தாத்தாவை ‘வாடா’ என்று கூப்பிட்ட அதே வீடு. ஆள் அனுப்பவில்லை, போன் செய்தார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் ஒன்றும் உணர்ச்சிவசப்படவில்லை. "எத்தன பேர் வேணும்? எடுக்கறது எத்தன மணிக்கு? சாப்பாடு உங்களுது, சாராயம் வேணாம். பாதி இப்பவே போன்ல போட்டு உடுங்க, மீதி கிளம்பறதுக்கு முன்னாடி" என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சரி என்றார்கள். அவன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.

வாசித்தார்கள். நைனா வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து, கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். மீதிப் பணத்தில் ஐந்நூறு ரூபாய் இன்னும் வரவில்லை. அந்த நோட்டில் பாக்கி என்ற இடத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. அடுத்த சாவுக்குக் கூப்பிட்டால் முதலில் அதைத்தான் கேட்பேன் என்கிறான்.